பச்சைத் தேயிலையும் நீண்ட ஆயுளும்

சென்ற வாரம் ஒரு பின்னேரம் எமது அயலில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கையிலே வண்ணப் பெட்டி ஒன்றுடன் எமது வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். ரொறன்ரோவில் இருக்கும் மகள் அனுப்பிய பெட்டி அது. மேலே பனி மூடிய மலை. மலையடியில் ஒரு கொக்கு. உள்ளே பச்சைத் தேயிலை.

"தம்பி, நாளுக்கு ஐந்து முறை இதைக் குடித்தால் நூறு வயது வரை இருக்கலாமாம். மகள் சொல்லுகிறாள். நீர் பத்திரிகைக்கு எழுதுகிறவர், உண்மையோ பொய்யோ என்று சொல்லும்" என்றார்.

நாம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நூறு வயது பற்றிப் பெட்டியில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆறுதலாக வாசித்துப் பார்த்துச் சொல்லுகிறோம் என்றோம். அவரும் எழுந்து படலை வரை போனவர், ஏதோ நினைவு வந்தாற்போல் நின்று, "இதைக் குடிக்கத் தொடங்கியபின் சலரோகக் குளிசையை நிறுத்திவிட்டேன். மூன்று கிழமையாகிறது. உடம்பு இலேசாக இருக்கிறது" என்று சொல்லிச் சென்றார்.

அதுவரை வேடிக்கையாக இருந்த விடயம் அந்த ஒரு சொல்லோடு வேறு விதமாயிற்று. அன்றிரவே நூல்களை எடுத்தோம். அவருக்காகத் தேடியது எமது வாசகர்களுக்கும் பயன்படும் என்று இவ்வாரம் அதையே எழுதுகின்றோம்.

தேநீருக்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் இக்காலத்து வியாபாரிகள் அல்லர். யப்பானிலே எய்சாய் என்றொரு பௌத்த துறவி இருந்தார். சீனதேசம் சென்று கற்று, 1191ஆம் ஆண்டில் நாடு திரும்பியபோது தேயிலை விதைகளையும் கொண்டுவந்தார் என்பர். 1211இல் தேநீர் குடித்து உடல் நலம் பேணுதல் பற்றி ஒரு நூலே எழுதினார். தேநீர் ஆயுளை வளர்க்கும் மருந்து என்பது அந்நூலின் கொள்கை. அக்காலத்து யப்பானிய ஆட்சித் தலைவரான சனெத்தொமோ மது மயக்கத்தால் வருந்தியபோது, 1214இல், எய்சாய் அவருக்குத் தேநீரும் கொடுத்துத் தமது நூலையும் கொடுத்தார். துறவி எழுபது கடந்து வாழ்ந்தார். தேநீர் வாங்கிக் குடித்த சனெத்தொமோவோ 1219இல், முப்பது வயது நிரம்புமுன்பே, தமது தமையன் மகனின் வாளுக்கு இரையானார். தேநீர் காக்கக்கூடியவையும் உண்டு, காக்க இயலாதவையும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டியதில்லை.

பச்சைத் தேயிலை என்பது வேறொரு செடி என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நாம் நாள்தோறும் குடிக்கும் கறுப்புத் தேயிலையும் அதுவும் ஒரே செடியின் கொழுந்துகளே. மலைநாட்டுத் தொழிற்சாலையிலே கிள்ளிய கொழுந்தை வாட்டி, உருட்டி நசுக்கி, சிறிது நேரம் காற்றுப்பட விடுவர். இலையிலுள்ள நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அதைச் செம்பு நிறமாக்கும். பிறகு சூடாக்கி உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. கொழுந்து வந்தவுடனே ஆவியில் அவித்தோ, சட்டியில் வறுத்தோ அந்த நொதியத்தின் செயலை அடக்கிவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும். யப்பானியர் பெரும்பாலும் அவிப்பர். சீனர் பெரும்பாலும் வறுப்பர். வேறுபாடு இவ்வளவே. பச்சைத் தேயிலையில் கற்றெக்கின் எனப்படும் துவர்ப்புப் பொருட்கள் மாறாமல் மிகுதியாக இருக்கின்றன. கறுப்புத் தேயிலையில் அவற்றுட் பெரும்பகுதி ஒட்சியேற்றத்தால் வேறு பொருட்களாக மாறி, அந்தச் சிவந்த நிறத்தையும் கடுப்பையும் தருகின்றன. இலங்கைத் தொழிற்சாலைகள் சிலவும் பச்சைத் தேயிலை செய்கின்றன. ஆயினும் நாட்டின் மொத்த விளைச்சலில் அது மிகச் சிறிய பங்கே.

எமது குடாநாட்டுக்குத் தேயிலை ஒரு விருந்தாளிதான். புளிப்புத் தன்மையுள்ள மண்ணும் ஆண்டு முழுதும் ஈரமும் வேண்டும் அச்செடிக்கு. சுண்ணக்கல்லின் மேலே கிடக்கும் எமது செம்மண்ணில் அது தழைக்காது. ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் கண்டிச் சீமையில் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதற்கு ஈராண்டு கழித்துக் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு, பின்வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்திராவிட்டால், இன்றைக்கும் நாம் வேர்க்கொம்பும் மல்லியும் இடித்துச் சேர்த்த கோப்பியையே குடித்துக்கொண்டு இருந்திருப்போம் போலும். இப்பொழுது விடியற்காலையிற் கேத்தில் ஏறாத வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? மூக்குப் பேணியில் வெறுந் தேநீரை அண்ணாந்து ஊற்றி, குட்டானிலிருந்து பனங்கட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்த பாட்டனார்களை எமது வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருவோம். யப்பானின் வடகிழக்கே மியாகி மாகாணத்தில் ஓசாகி என்னும் பகுதி உண்டு. அங்கே 40 முதல் 79 வயது வரையுள்ள 40,530 பேரை 1994 தொடக்கம் ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். நாளுக்கு ஐந்து கிண்ணமும் அதற்கு மேலும் பச்சைத் தேநீர் அருந்தியோரை, ஒரு கிண்ணத்துக்கும் குறைவாக அருந்தியோருடன் ஒப்பிட்டபோது, பதினொரு ஆண்டுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு ஆண்களில் நூற்றுக்கு 12 வீதமும் பெண்களில் 23 வீதமும் குறைந்திருந்தது. இருதய நோய், மூளை இரத்தக்குழாய் நோய் ஆகியவற்றால் நேரும் மரணமே முக்கியமாகக் குறைந்தது. புற்றுநோய் மரணத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அவர்களுடைய கிண்ணம் ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் கொள்வது. நாம் விருந்தினருக்கு விளிம்பு முட்ட நிரப்பிக் கொடுக்கும் பாத்திரம் அன்று.

23 வீதம் என்றால் ஆயுள் நாலிலொரு பங்கு நீளும் என்பது பொருளன்று. ஒத்த வயதும் ஒத்த நிலைமையும் உடைய இரண்டு கூட்டங்களில், ஒரு கூட்டத்திலே நூறு பேர் இறக்கும் காலத்தில் மற்றக் கூட்டத்திலே எழுபத்தேழு பேர் இறந்தனர் என்பதே அதன் கருத்து. நூறு வயது பற்றிய வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. மேலும் இது கவனித்து எழுதிய கணக்கு. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடாது செய்த சோதனையன்று. தேநீரை நிறையக் குடிப்பவர் வேறு வகையிலும் ஒழுங்காக வாழ்பவராக இருத்தல் கூடும். புகைத்தல், உணவு முதலியவற்றைக் கழித்தே கணக்கிட்டனர்; ஆயினும் கழிக்கத் தெரியாதவை எப்பொழுதும் சில மீந்துவிடும். பெண்களிடத்தே பயன் மிகுந்து தோன்றியதற்கு அவர்கள் ஆண்களைப்போலப் புகைப்பதில்லை என்பது ஒரு காரணமாகலாம் என்று அவ்வாராய்ச்சியாளரே கருதினர். சுருட்டுப் புகையும் புகையிலையிட்ட வெற்றிலையும் மலிந்த எமது ஊரில் இக்குறிப்பை ஆண்கள் இரண்டு முறை வாசித்தல் நன்று. சுருட்டை ஒரு கையிலும் பச்சைத் தேநீரை மறுகையிலும் வைத்திருப்பவருக்கு எந்தக் கை வெல்லும் என்பதிற் சந்தேகம் வேண்டாம்.

கறுப்புத் தேயிலைக்கு இதில் ஒரு பங்கும் இல்லையோ என்று வாசகர் கேட்கலாம். உண்டு. பிரித்தானியாவில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரைப் பற்றிய கணக்கு ஒன்று 2022இல் வெளிவந்தது. அவர்களுள் தேநீர் குடிப்போரிற் பத்தில் ஒன்பது பேர் வரையில் கறுப்புத் தேயிலைக்காரர். நாளுக்கு இரண்டு கிண்ணமும் அதற்கு மேலும் குடித்தோருக்கு, தேநீரே குடியாதாரைவிட, மரண வாய்ப்பு 9 முதல் 13 வீதம் வரை குறைந்திருந்தது. பால் சேர்த்தோரிடத்தும் சீனி சேர்த்தோரிடத்தும் இவ்வாறே இருந்தது. கொக்குப் படம் போட்ட பெட்டிக்கு டொலரில் விலை கொடுக்கும் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் நல்லது. சந்தைக் கடையில் வாங்கும் தேயிலைத் தூளும் அவ்வளவு தாழ்ந்ததன்று.

ஆனால் "சீனி சேர்த்தாலும் குற்றமில்லையாம்" என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவோருக்கு ஒரு சொல். ஆங்கிலேயர் சேர்க்கும் சீனி வேறு, நாம் சேர்க்கும் சீனி வேறு. எமது வீடுகளிலே தேநீர் என்பது சாயம் போட்ட சீனித் தண்ணீர் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். தட்டந்தட்டமாக இரண்டே தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து முறை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 40 கிராம் சீனி ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் விதித்த அளவின்படி, வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சீனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்கு உட்பட வேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று. பலகாரமும் பிஸ்கோத்தும் வாயிற் படுமுன்பே தேநீர் ஒன்றே அந்த நன்றான எல்லையைத் தாண்டிவிடுகிறது. கட்டிப்பால் ஊற்றும் கடைத் தேநீரைப் பற்றி நாம் எழுதவே போவதில்லை. ஓசாகிக் கிராமத்தவர் தமது ஐந்து கிண்ணத்திலும் ஒரு மணி சீனியும் போடுவதில்லை. அவர்களுக்குக் கிடைத்த பயனில் எவ்வளவு இலையினால் வந்தது, எவ்வளவு இல்லாத சீனியினால் வந்தது என்று எண்ணிப் பார்த்தோம்.

பாட்டனாரின் பனங்கட்டிக் கதையையும் இங்கே சரியாகச் சொல்லிவிட வேண்டும். பனங்கட்டி சலரோகக்காரருக்கு ஆகும் என்று ஒரு நம்பிக்கை எம்மிடையே உலவுகிறது. பனங்கட்டியில் உள்ளதும் பெரும்பாலும் சீனியே. சிறிதளவு தாதுப்பொருட்கள் கூட இருப்பதால் அது மருந்தாகிவிடாது. பாட்டனார் செய்த சாமர்த்தியம் வேறு. அவர் தேநீரில் இனிப்பைக் கரைக்கவில்லை. நாவிலே இனிப்பை வைத்து வெறுந் தேநீரை இறக்கினார். ஒரு சிறு துண்டு ஒரு பேணி முழுவதற்கும் போதுமாயிற்று. கரைத்தால் மூன்று கரண்டி கேட்கும் நாக்கு, கடித்தால் ஒரு கடியோடு அடங்குகிறது.

சலரோகம் எமது நாட்டில் எவ்வளவு பரவியுள்ளது? 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவி எடுத்த கணக்கின்படி வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு அந்நோய் இருந்தது. நோயின் வாசலில் நிற்போரையும் சேர்த்தால் ஐந்து பேருக்கு ஒருவர். அக்கணக்கு ஏழு மாகாணங்களில் எடுக்கப்பட்டது. விடுபட்ட இரண்டும் வடக்கும் கிழக்கும். போர்க்காலமாகையால் எமது வீடுகளின் கதவை அந்தக் கணக்கர் தட்டவில்லை. அதற்காக நோயும் தட்டாமற் போய்விடவில்லை.

பச்சைத் தேநீர் இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்குமோ என்று முறையான சோதனைகளும் நடந்துள்ளன. வெறுவயிற்றுச் சீனியும் கெட்ட கொழுப்பும் சிறிதளவு இறங்கியதாகச் சிலவற்றில் தெரிகிறது. அச்சிறிதளவு குளிசையின் வேலையைச் செய்யப் போதாது. குளிசையை நிறுத்தியவருக்கு உடம்பு இலேசாகத் தோன்றுவதும் ஆபத்தான அடையாளமே. சீனி ஏறி, சதை கரைந்து, நிறை குறையும்போதும் உடம்பு இலேசாகத்தான் தோன்றும். கண்ணும் சிறுநீரகமும் பாதத்து நரம்பும் ஓசையின்றிக் கெடுகின்ற காலம் அது.

பேணியை விட்டுக் குளிசையாகவே பச்சைத் தேயிலைச் சாற்றை விழுங்கும் புதுமையும் இப்பொழுது புறப்பட்டிருக்கிறது. உடல் மெலியும் என்று விளம்பரம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018இல் இதை ஆராய்ந்து, முதன்மையான கற்றெக்கினை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இத்தகைய சாறாக உட்கொண்டால் ஈரலுக்குக் கேடு வரக்கூடிய அறிகுறிகள் தோன்றுகின்றன என்று அறிவித்தது. வழக்கம்போல் நீரில் ஊற வைத்துக் குடிக்கும் தேநீரைப் பொதுவாகப் பாதுகாப்பானதென்றே கொண்டது. இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க வாபரின் என்னும் மருந்து எடுப்போர், பச்சைத் தேநீரைப் பெருவாரியாகத் தொடங்குமுன் தம் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாணவிகளும் தாய்மாரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. எமக்கு இது சிறிய விடயமாகத் தோன்றவில்லை. பச்சையோ கறுப்போ, தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமற் செய்துவிடும். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் அவ்விரும்பு உடலிற் சேர்வது பாதிக்கும் மேலாகக் குறைவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. முருங்கையிலை வறையைப் பக்குவமாக ஆக்கிப் பரிமாறிவிட்டு, கை கழுவிய கையோடு தேநீரையும் நீட்டுகிறோமே, கொடுத்ததைக் கையோடு திருப்பி வாங்குவது அது. ஒரு மணி நேரம் பொறுத்துக் கொடுத்தால் போதும். சாப்பாட்டின் மீது தேசிக்காய்ப் புளி சிறிது பிழிந்தால், அதிலுள்ள உயிர்ச்சத்து இரும்பை உடல் ஏற்க உதவும். இரத்தச் சோகையுள்ள பெண் பிள்ளைகள் மலிந்த ஒரு நாட்டில், நூறு வயதைப் பற்றிப் பேசுமுன் பதினைந்து வயதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தேயிலை கிள்ளும் மலைநாட்டுத் தோட்டங்களிலேதான் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நாட்டிலேயே அதிகம் என்பதையும், தேயிலையின் புகழை எழுதும் எவரும் மறைக்கலாகாது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட ஈரானிலே கோலெஸ்தான் மாகாணத்தில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்போரிடையே உணவுக் குழாய்ப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 2009இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடிப்பதும் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வகுத்தது. குற்றம் இலையின்மீதன்று, சூட்டின்மீது. இரண்டு பாத்திரங்களுக்கிடையே நீள இழுத்து ஆற்றிக் கொடுக்கும் எமது வழக்கம் இவ்விடத்தில் வாழ்க. "சுடச்சுடக் கொண்டு வா" என்று உள்ளே பார்த்து உத்தரவிடும் வீட்டுத் தலைவர்கள் இனிச் சிறிது பொறுத்திருக்கலாம்.

ஆசிரியருக்கு வேறொரு முறைப்பாடும் இருந்தது. மகள் அனுப்பிய தேயிலை மங்கலான பழுப்பு நிறமாகிறதாம்; மேலே ஆடை போல ஏதோ மிதக்கிறதாம்; கலப்படமோ என்று ஐயுற்றார். கலப்படம் இல்லை, எமது கிணறுதான். குடாநாட்டில் மாரியில் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு கிடையாது. நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கிய மழைநீர். அந்நீரிலுள்ள கல்சியமே கேத்திலின் அடியில் வெள்ளைப் படையாகப் படிகிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருட்களுடன் அது சேரும்போது மேலே ஆடை கட்டுகிறது. இலண்டன் நகரின் நீரும் சுண்ணாம்பு மிகுந்ததே; அங்குள்ள இம்பீரியல் கல்லூரி இரசாயன அறிஞர் இருவர் இதே ஆடையைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்து 1993இல் கட்டுரை எழுதினர். சிறிது புளிப்புச் சேர்ந்தால் ஆடை தோன்றாது. ஆகவே இங்கேயும் தேசிக்காய்க்கே வெற்றி. மாரி காலத்தில் சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் கொதிக்க வைத்து ஒரு முறை தேநீர் ஊற்றிப் பாருங்கள். நிறமும் மணமும் வேறாக இருக்கும். பச்சைத் தேயிலைக்கு மட்டும் கொதி அடங்கிய நீர் வேண்டும். கேத்திலை இறக்கி ஐந்து நிமிடமளவு ஆறவிட்டு ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றி மறந்துவிட்டால் வேப்பிலைக் கசப்புத்தான். கபீன் இதிலும் உண்டாகையால், இரவில் நித்திரை வராதோர் பின்னேரத்தோடு நிறுத்துதல் நன்று.

மறுநாட் காலையே ஆசிரியர் வீட்டுக்குச் சென்று, வாசித்தவற்றைச் சொன்னோம். குளிசைப் பகுதியை முதலிற் சொன்னோம். அவர் முகம் சிறிது வாடிற்று. "அப்படியானால் மகள் சொன்னது பொய்யோ?" என்று கேட்டார். பொய்யன்று ஐயா, பாதியளவு உண்மை. சீனி போடாமற் குடியுங்கள், குளிசையையும் எடுங்கள் என்றோம். உள்ளே நின்ற அவர் மனைவியார், "மூன்று கிழமையாக நான் சொன்னது காதில் ஏறவில்லை, பத்திரிகைக்காரர் சொன்னால்தான் ஏறும்" என்றார். அதற்கு ஆசிரியரிடம் விடையில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்து வந்தார். சீனி நன்றாக ஏறியிருந்ததாம்; வைத்தியர் ஏசினாராம்; பழைய குளிசையை மீண்டும் தொடங்கியாயிற்று. நேற்றுப் பின்னேரம் நாம் அவ்வழியே போகும்போது விறாந்தையில் இருந்து கைகாட்டி அழைத்தார். தேநீர் வந்தது. கறுப்புத் தேயிலை; சீனி இல்லை; தேசிக்காய் பிழிந்திருந்தது. கொக்குப் பெட்டியிலிருந்த தேயிலையில் இன்னும் பாதி மீந்திருப்பதாகவும், அதை விடியற்காலையில் மட்டும் குடிப்பதாகவும், மகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிப்பதாகவும் சொன்னார்.